கையுறை போட்டுப் பார்த்த கப்பல்

ஒன்றும் தெரியாதவனால் பெரிய கெடுதல் வராது. மூன்று வீடியோ பார்த்தவனிடம்தான் கவனமாக இருக்கவேண்டும். பழைய போஸ்டர் விஷயத்தில் நான் நாலு பார்த்திருந்தேன்.

மனைவியின் தம்பி சுதன் வெள்ளவத்தையில் கோப்பிக் கடை திறக்கவிருந்தான். பொரளையில் ஏலத்துக்கு வந்த பழைய கப்பல் கம்பனி போஸ்டருக்காகவே பெரிய சுவரொன்றை வெறுமையாக விட்டிருந்தான்.

"அசல்தான் வேணும் அத்தான். நீங்கள் பாத்துச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பன்" என்றான். (மூடியிருக்க வேண்டியது காதை.)

ஏலத்துக்கு முந்தின நாள் கடைத் திறப்பு அழைப்பிதழ்கள் இருநூறுக்கும் நாலு மூலையில் மஞ்சள் பூசியது நான்தான். எவ்வளவு சவர்க்காரம் போட்டும் விரல் நிறம் போகவில்லை. ஒரு நிபுணர் இப்படியா கையை நீட்டுவது? வெள்ளைக் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஏல மண்டபத்தில் அந்தப் போஸ்டரின் இரண்டு பிரதிகள் இருந்தன. முதலாவதின் நாலு மூலையிலும் மங்கிய மஞ்சள் கறை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

"பூஞ்சணம்" என்றேன், மண்டபத்துக்கே கேட்கும்படி. "கிட்டப் போகாதை, தொத்தும்."

சுதன் பின்னால் நகர்ந்தான். இரண்டாவதில் கறையே இல்லை. மடித்த கோடுகள் மட்டும் இருந்தன. மடிப்பு இருந்தால் பழசு என்று நாலாவது வீடியோ சொல்லியிருந்தது. கையுறை விரலால் கோட்டைத் தடவி, வைத்தியர் மாதிரித் தலையாட்டினேன்.

சுதன் போட்டி போட்டு அதை எடுத்தான். முதலாவதற்கு, மாளிகாவத்தையில் பழைய சாமான் விற்கும் முஸ்லிம் நானா ஒருவரைத் தவிர யாரும் கை தூக்கவில்லை. அடிமாட்டு விலைக்குப் போனது.

வாசலில் அவர் எனக்கு நன்றி சொன்னார்.

"பூஞ்சணத்தை என்ன செய்யப் போறியள் நானா?"

"இது மஞ்சள்தானே தம்பி. ஒங்கட ஆக்கள் நல்ல காரியத்துக்கு மூலையில பூசுறதுதானே. யாரோ கடை தொறந்த அன்டைக்குப் பூசிருக்காங்க." பிறகு எங்கள் போஸ்டரைக் காட்டினார். "கையுறையைக் கழட்டிட்டு இதத் தடவிப் பாருங்க."

தடவினேன். கண்ணாடி போல வழுக்கியது. மடிப்பு இல்லை, மடிப்பின் படம். யாரோ பழைய போஸ்டரை நகல் எடுக்கும்போது அதன் கோடுகளையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள்.

நானா என் மஞ்சள் விரல்களையே பார்த்தார். சுதனும் பார்த்தான். பூமி பிளக்காதா என்று பார்த்தேன். பொரளைச் சந்தியில் அதற்கும் இடமில்லை.

நகல் கப்பல் இன்றும் அந்தச் சுவரில்தான் நிற்கிறது. சுதன் அன்று கோபிக்கவில்லை. காத்திருந்தான்.

போன மாதம் அவனுடைய கலியாணத்தின் முதல் அழைப்பிதழை எங்களுக்குத் தந்தான். தட்டத்தில் அதன் பக்கத்தில் ஒரு சோடி வெள்ளைக் கையுறை.

"அத்தான், நாலு மூலையிலையும் பூஞ்சணம் மாதிரிக் கிடக்கு. ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ."

மனைவி சிரிப்பு அடங்காமல் குசினிக்குள் ஓடிவிட்டாள். மிச்சம் முந்நூறு அழைப்பிதழுக்கும் நான்தான் மஞ்சள் பூசினேன். வெறுங்கையால்.