எட்டு கப் வாங்கிய முதுகு

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் சுண்டுவிரலைக்கூட அசைப்பதில்லை என்று நான் சபதம் எடுத்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். இப்போது முப்பத்தைந்து ஆகிவிட்டது. அந்த வாடகை அறையை நினைத்தால் இன்றைக்கும் மனசு இளகுகிறது. முதுகு கொஞ்சம் இறுகுகிறது.

மூன்றாவது மாடி. ஒரே அறை. ஜன்னலோரம் என் மனைவியின் தையல் மெஷின், வெளிச்சம் மங்கும் வரை கடகடவென்று ஓடும். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஊரார் பிழையெல்லாம் என் கண்ணில் படும். என் பிழை அவள் கண்ணில் படும்.

வாரத்தில் ஆறு நாள் பிழை. ஏழாவது நாள்தான் பெரும் பிழைப்பு. கீழ்க்குழாயிலிருந்து ஐம்பத்துநாலு படி ஏறித் தண்ணீர் தூக்க வேண்டும். போர்வை துவைக்க வேண்டும். மெத்தையை மொட்டைமாடிக்குச் சுமந்து போய்த் தட்ட வேண்டும். அந்த மெத்தை என்னைவிடக் கனம்.

ஒரு ஞாயிறு காலை, குடத்தைத் தொட்டதும் "ஆ!" என்றேன்.

"என்னங்க?"

"முதுகு."

"முதுகுக்கு என்ன?"

"பிடிச்சுக்கிச்சு."

"எங்க?"

"எங்கேன்னு இல்ல. மொத்தமா."

ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "அடடா, படுங்க" என்றாள். தண்ணீரை அவளே தூக்கினாள். நான் வாரப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படித்தேன். ஒரு பிழையைக்கூடத் திருத்தவில்லை. சொர்க்கம்!

அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு கூடுதலாக ஒரு தலையணை கேட்டேன். தலையணை வரவில்லை. கப்புக்காரர் வந்தார்.

தரைத்தளத்தில் குடியிருந்தவர். தசைப்பிடிப்புக்கு முதுகில் கண்ணாடிக் கப் வைக்கிறவர். வாளி மாதிரி கை. என் மனைவியைத் தங்கச்சி என்பார். அந்த முறையில் நான் அவருக்கு மாப்பிள்ளை.

"குப்புறப் படுங்க மாப்ள."

"அண்ணே, இப்ப கொஞ்சம் பரவாயில்ல..."

"பாவம்ணா, மூணு வாரமா துடிக்கிறார்" என்றாள் அவள்.

கப்புக்குள் ஒரு நொடி நெருப்பைக் காட்டி எடுத்து, சட்டென்று முதுகில் கவிழ்த்தார். சதை மொத்தமும் உள்ளே ஓடியது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில்கூட ஒரு கப் வாங்காதவன் நான். அன்றைக்கு ஒரே நாளில் எட்டு கப் வாங்கினேன். முதல் கப்பில் கத்தினேன். எட்டாவதில் கப்சிப்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் பேச ஆரம்பித்தார்கள். நிஜமாகவே முதுகுக்குப் பின்னால்தான்.

"வலி போகலேன்னா என்ன பண்றதுண்ணா?"

"நாளைக்குப் பன்னிரண்டு வைப்பேன். போகலேன்னா பதினாறு."

"போயிடுச்சு!" என்று அலறினேன். "சுத்தமா போயிடுச்சு! அண்ணே, உங்க கை ராசியான கை. இப்படி ஒரு வைத்தியம் உலகத்திலேயே கிடையாது!"

"அப்படியாங்க?" அவள் முகம் மலர்ந்தது. "எனக்கும் மூணு வாரமா தோள்பட்டை வலி. நீங்களே படுத்திருக்கீங்களேன்னு சொல்லல."

எனக்குச் சுருக்கென்றது. நாள் முழுக்கக் குனிந்தே தைக்கிறவள். தண்ணீரையும் அவள் தலையில் கட்டிவிட்டோமே!

"எந்த இடம் தங்கச்சி?" என்றார் அவர்.

"எங்கேன்னு இல்லண்ணா. மொத்தமா."

எந்த எழுத்தில் புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற நான், அந்த வரியைக் கோட்டை விட்டேன்.

பெண்களுக்குக் கப் வைப்பது அவருடைய மனைவி. அந்த அக்கா மேலே வந்து, என் கையில் குடத்தைக் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டாள். நான் இரண்டாவது குடத்தோடு ஏறி வரும்போது உள்ளே சிரிப்புச் சத்தம். வலி விட்டிருக்கும் என்று சந்தோஷப்பட்டேன்.

"எட்டு நாள் தோள் அசையக்கூடாது" என்றாள் அக்கா. "தோள்ல போர்த்தியிருக்கிற துண்டை எடுக்காதீங்க, காத்துப் படக்கூடாது."

எட்டு நாள்! அச்சகத்துக்கு லீவு சொன்னேன். தண்ணீர் தூக்கினேன். துவைத்தேன். சமைக்கிறேன் பேர்வழி என்று இரண்டு பாத்திரங்களைக் கருக்கினேன். மெத்தையைத் தட்டியதில் மெத்தை உயிரோடு இருந்தது, நான்தான் போய்விட்டேன். அவள் தோளில் துண்டோடு கட்டிலில் சாய்ந்து என் பத்திரிகையைப் படித்தாள். நடுநடுவே ஒரு துணுக்கை எனக்கு உரக்க வாசித்துக் காட்டிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரிப்பாள்.

மெஷின் ஓடாத அந்த எட்டு நாளில்தான் அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்றே முழுசாகத் தெரிந்தது. எவ்வளவு பேசினோம்! சாயங்காலங்களில் நான் வெங்காயம் நறுக்க, சின்ன வயசில் அவள் மரத்திலிருந்து விழுந்த கதையைச் சொல்வாள். ஒன்பதாவது நாள் மெஷின் மறுபடி கடகடத்தபோது, எனக்கு ஏனோ வருத்தமாக இருந்தது.

அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். கப்புக்காரர் போய்ப் பத்து வருஷமாகிறது. போன வாரம் அவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, இத்தனை காலம் கேட்காததைக் கேட்டேன்.

"ஏம்மா, அப்ப உனக்குத் தோள்பட்டை ரொம்ப வலிச்சுதா?"

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு முதுகு வலிச்ச அளவுதாங்க."