தைவான்காரருக்கு ‘குட்’ கற்பித்த கதை

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. ஆதாரம், பி.ஏ.வில் நான் வாங்கிய அறுபத்திரண்டு மார்க். அதை எப்படி வாங்கினேன் என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் லின் என்ற நல்ல மனிதர் தப்பித்திருப்பார்.

எழுபதுகளின் நடுவில், மஸ்கட்டில், ரூவியில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். ஏ.சி. அறை, சுழலும் நாற்காலி. இருபத்துமூன்று வயதுக்கு இது போதாதா தலை கனக்க? வெயிலில் நிற்பவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்து ‘பாவம்’ என்று உச்சுக்கொட்டுவதும் என் உத்தியோகத்தில் சேர்த்தி என்று நினைத்திருந்தேன்.

லின் தைவான்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. சாரம் கட்டுவதிலும் காங்கிரீட் போடுவதிலும் அவரை மிஞ்ச சைட்டில் ஆள் கிடையாது. அவரை ஃபோர்மேன் ஆக்கலாம் என்றது கம்பெனி. ஆனால் மேற்பார்வைக்கு வந்திருந்த வெள்ளைக்கார என்ஜினியர், இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசத் தெரியாதவன் ஃபோர்மேன் இல்லை என்று சொல்லிவிட்டார். தேறினால் வேலை. தேறாவிட்டால் விசா முடிகிறது, அடுத்த விமானத்தில் ஊர். ஊரில் மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“பத்து நாளில் இவருக்கு யார் இங்கிலீஷ் சொல்லித்தருவது?” என்று மேனேஜர் கேட்டார். முதலில் உயர்ந்த கை என்னுடையது. (இரண்டாவது கை எதுவும் உயரவில்லை. அதிலாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம்.)

நம்மூர்ப் படிப்பாளி முதலில் என்ன செய்வான்? பாடத்தைப் பார்ப்பானா? இம்பார்ட்டன்ட் கேள்வி எது என்று விசாரிப்பான். நானும் நேராக என்ஜினியரின் டிரைவர் காதர் பாயிடம் போனேன். கீழக்கரைக்காரர், எல்லாம் தெரிந்தவர்.

“தம்பி, அந்த மனுசன் எல்லார்ட்டயும் அதே அஞ்சு கேள்விதான் கேக்குறாரு. நானே நாலு பேரைக் கூட்டிப் போயிருக்கேன். வரிசைகூட மாறாது.”

வினாத்தாள் அவுட்! அப்புறம் இங்கிலீஷ் எதற்கு? ஐந்து கேள்விக்கு ஐந்து பதில். எல்லாவற்றிலும் நடுநாயகமாக ஒரே வார்த்தை, ‘குட்’. நான் குட், காங்கிரீட் வெரி குட், கம்பெனிக்காரர்கள் ரொம்ப குட், கெட்டுப்போன சரக்கு நோ குட், ஐயா சொல்வது குட் ஐடியா. ஒரு சொல்லை வைத்தே மனிதன் வாழ்ந்துவிடலாம் என்பது என் கண்டுபிடிப்பு.

லின் ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் தன் எழுத்தில் ஒலியைக் குறித்துக்கொண்டார். கட்டைவிரலில் தொடங்கி விரலுக்கு ஒரு பதிலாக மடக்கி மனப்பாடம் செய்தார். ஆனால் மனிதருக்கு ஒரு கெட்ட பழக்கம். அவருக்கு அர்த்தம் தெரிய வேண்டும். டீயைக் காட்டி “குட்?” என்பார். புழுதிக்காற்றைக் காட்டி “நோ குட்?” என்பார். என் சட்டையைக் காட்டி நெடுநேரம் யோசிப்பார்.

“அதெல்லாம் பரீட்சைக்கு வராது” என்று சைகையிலேயே அடக்கிவிட்டேன்.

பத்தாம் நாள் சைட் ஆபீஸில் தேர்வு. என் மாணவனின் வெற்றியைக் கண்ணால் காண நானும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு போய் நின்றேன். என்ஜினியர் எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்து, “எப்படி இருக்கிறாய்?” என்றார்.

கேள்வி லின்னுக்கு. அது எருமைக்குக்கூடப் புரிந்திருக்கும். ஆனால் ஒரு வெள்ளைக்காரர் இங்கிலீஷில் நலம் விசாரிக்கும்போது அறுபத்திரண்டு மார்க் வாங்கியவன் வாயை மூடிக்கொண்டு நிற்பானா? “ஐ ஆம் வெரி குட் சார், தேங்க்யூ சார்!” என்று முழங்கினேன். பாதி மடங்கிய லின்னின் கட்டைவிரல் மறுபடி நிமிர்ந்ததைப் பார்த்தேன். 

“காங்கிரீட் எப்படி?”

கட்டைவிரல் மடங்கியது. “நான் குட். நன்றி சார்.”

“இந்தக் கம்பெனிக்காரர்கள் எப்படி?”

“வெரி குட். தண்ணீர் விட்டால் இருபத்தெட்டு நாளில் இறுகிவிடும்.”

“மூட்டையிலேயே கட்டிதட்டிப்போன சிமென்ட்?”

“ரொம்ப குட். என் அப்பா மாதிரி.”

என்ஜினியரின் முகம் பழுக்க ஆரம்பித்தது. “நான் ஒரு வேலை சொன்னால் என்ன செய்வாய்?”

“நோ குட். கடலில் கொட்டிவிடுவேன்.”

“வெளியே போ!” என்று மேஜையைக் குத்தினார் என்ஜினியர்.

லின் சுண்டுவிரலை மடக்கினார். “குட் ஐடியா சார். உடனே செய்கிறேன்” என்று குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனார். ஐந்தில் அது ஒன்றுதான் பொருந்தியது.

அவர் பின்னால் ஓடினேன். எல்லாம் நன்றாக முடிந்தது என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார். என் மூஞ்சியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பதில் எழுதியிருந்த தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

என்ஜினியர் என்மேல் கத்துவதற்காகப் பின்னாலேயே வந்துவிட்டார். அதற்குள் லின் முந்தின நாள் பலகை பிரித்த ஒரு தூணருகில் நின்று, இடுப்பில் செருகியிருந்த ஸ்பானரால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே திரும்பி, “நோ குட்” என்றார்.

என்ஜினியரும் தட்டிப் பார்த்தார். உள்ளே காங்கிரீட் நிரம்பாமல் பொள்ளல். இரண்டு சூப்பர்வைசர்கள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட தூண். லின்னை மேலும் கீழும் பார்த்தவர், “இவனுக்கு இங்கிலீஷ் தெரியும்” என்றார்; பிறகு என் பக்கம் விரலை நீட்டி, “மற்றதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நீதானே?” என்றார். நான் டையை அவிழ்த்தேன்.

லின் ஃபோர்மேன் ஆனார். நான் ஏ.சி. அறையிலிருந்து சிமென்ட் ஸ்டோருக்குப் போனேன்.

கல்யாணமான புதிதில் வாய் சும்மா இராமல் இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து டாக்டர் அவளிடம் கேட்டதற்கு நான் பதில் சொன்னாலும் சரி, பிள்ளைகளைக் கேட்டதற்கு நான் முந்திக்கொண்டாலும் சரி, “அடுத்தவங்க கட்டைவிரலை விடுங்க” என்று ஒரு அதட்டல் விழும்.

ஊர் திரும்பிப் பல வருஷம் கழித்து, திருச்சியில் எங்கள் பெண்ணைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, நல்ல குடும்பம், எனக்குப் பரம திருப்தி. “பொண்ணுக்குச் சம்மதம்தானே?” என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

“அப்பா, கட்டைவிரல் என்னோடது” என்றாள் பெண். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, “மன்னிக்கணும் மாமா, எனக்கு இஷ்டமில்லை” என்றாள்.

அவர்கள் போய்விட்டார்கள். மிஞ்சிய கேசரியைப் பெண் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்; எப்படி இருக்கிறது என்று மனைவி அவளைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.