மார்ஜின் அண்ணன் போட்ட கடிதம்

கடித அலங்காரி என்றொரு இனம் இருக்கிறது. தேடிக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டாம். எந்த அலுவலகத்திலும் மின்விசிறிக்கு நேர் கீழே, கணினித் திரையிலிருந்து தலையை இரண்டடி பின்னுக்கு இழுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஏதோ படிக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்க்கிறது.

எங்கள் கிளை அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேஜையே அதன் இருப்பிடம். நாங்கள் அவரை மார்ஜின் அண்ணன் என்போம். முன்பெல்லாம் சாதாரண மனிதராகத்தான் இருந்தார். கடிதம் எழுதச் சொன்னால் எழுதுவார், ஒட்டுவார், அனுப்புவார். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் அவரை மூன்று நாள் கணினிப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். முதல் நாள் பாடம், அடித்ததைப் படித்துப் பார்த்துத் திருத்துவது. அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். இரண்டாம் நாள் எழுத்துகளின் வகை, அளவு, நிறம். மூன்றாம் நாள் கட்டம், கோடு, ஓரம். இந்த இரண்டு நாளும் முதல் வரிசையில் உட்கார்ந்து ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தார். வந்தவருக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பின் அவர் கையில் ஒரு கடிதம் படுகிற பாட்டை என்னவென்று சொல்வது? தலைப்பை நடுவில் நிறுத்த ஒரே பொத்தான் போதும் என்று படித்து வந்தும் பழைய பழக்கத்தில் இடைவெளிப் பட்டையை நாற்பத்தொரு முறை தட்டி, 'ஐயா' என்பதைத் தடிமனாக்கி, தடிமனாக்கியதை அடிக்கோடிட்டு, அடிக்கோடிட்டதைச் சாய்த்து, சாய்ந்தது விழுந்துவிடப் போகிறதே என்று பயந்தோ என்னவோ சுற்றிலும் ஒரு கட்டம் கட்டி, ஒரே ஒரு பக்கம் உள்ள கடிதத்தின் அடியில் 'பக்கம் 1, மொத்தம் 1' என்று பொறித்து, எல்லாம் முடிந்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி ஒரு பெருமூச்சு விடுவார். குழாய் ரிப்பேருக்கு ஆள் கேட்டு எழுதிய கடிதம் அது. குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

இது மட்டுமென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

பதிவேட்டுப் பிரிவில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள். அவளுடைய கணவரும் ஏழு வயது மகளும் இருப்பது ஆறு மணி நேரப் பயணத்துக்கு அப்பால். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறுவாள், ஞாயிறு சாயங்காலம் திரும்பப் பஸ் ஏறுவாள். "உள்ள நுழைஞ்சதுமே 'திரும்ப எப்பம்மா பஸ்சு'ன்னு கேக்குறா சார்" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிவிட்டு, பேச்சை மாற்றிப் பேனா கடன் கேட்டாள். அந்த ஊர்க் கிளையில் இப்போது ஓர் இடம் காலியாகியிருந்தது. ஒரே ஓர் இடம். மேனேஜர் கையெழுத்திட்ட கோரிக்கைக் கடிதம் மறுநாளுக்குள் தலைமை அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். கூரியர்க்காரர் நான்கு மணிக்கு வருவார்.

காலை பத்து மணிக்கே வாசகத்தைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டு வந்து மார்ஜின் அண்ணனிடம் நீட்டினாள்.

"மொத்தமே ஏழு வரிதாண்ணே. அப்படியே அடிச்சுக் குடுத்தாப் போதும்."

"அப்படியே அடிக்கிறதுக்கு நான் எதுக்கும்மா? மேலிடத்துல கண்ணுல பட வேண்டாமா? நீ போய் உன் வேலையைப் பாரு. இது உன் வாழ்க்கைப் பிரச்சினை, என்கிட்ட விட்டுடு."

விட்டுவிட்டாள். வேறென்ன செய்வாள்?

பத்து இருபதுக்கு அடித்து முடித்துவிட்டார். அப்போதே பிரிண்டரில் கொடுத்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பத்து இருபத்தொன்றுக்கு அலங்காரம் ஆரம்பித்தது. எழுத்து மாற்றினார், வரிகள் நகர்ந்தன. வரிகளை இழுத்துப் பிடித்தார். மேனேஜர் கையெழுத்திடும் இடம் மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிட்டது. அதை மேலே கொண்டுவர எல்லாவற்றையும் சுருக்கினார். கடிதம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் சீட்டு மாதிரி ஆயிற்று. மறுபடி பெரிதாக்கினார். அந்தப் பெண் அரை மணிக்கொரு தரம் வந்து கதவோரம் நின்றுவிட்டுப் போனாள்.

மூன்றரை மணிக்கு அவருக்கு ஞானோதயம் வந்தது. மற்ற வரிகளெல்லாம் அவள் வேலையைப் புகழ்பவை; கடிதத்தின் உயிர், இடமாற்றம் கேட்கும் வரி. மேலே பொருள் என்று வருவதும் அதே விஷயம்தான். அவை இரண்டும் மற்ற வரிகளோடு வரிகளாகக் கருப்பாகக் கிடப்பதா? இரண்டையும் தங்க நிறமாக்கினார். திரையில் தகதகவென்று மின்னின. எங்கள் பிரிண்டருக்குத் தெரிந்த நிறம் கருப்பு ஒன்றுதான், அந்தக் கருப்பும் டோனர் தீரும் நிலையில் இருந்தது என்பதெல்லாம் இரண்டாம் நாள் பாடத்தில் இல்லை.

தாள் வெளியே வந்தது. விரல் பட்டுக் கறையாகிவிடுமாம், இரண்டு ஓரங்களையும் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு தூக்கிக் காட்டினார். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று அவள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, நடுவுல கொஞ்சம் காலியா இருக்கே?"

"அது இடைவெளிம்மா. அப்பத்தான் படிக்கிறவங்க கண்ணு உறுத்தாது."

"ஒரு தரம் குடுங்கண்ணே, படிச்சுட்டுத் தர்றேன்."

"மணி என்ன ஆச்சு பாரு! கூரியர் வந்துடுவான். காலையிலேர்ந்து பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

மேனேஜர் தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "அட, அச்சகத்துல அடிச்ச மாதிரி இருக்கேய்யா!" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மடிப்பு விழாமலிருக்க உள்ளே அட்டை வைத்து, உறையில் போட்டு, நான்கு மணிக்குச் சரியாகக் கடிதம் கிளம்பியது.

பத்து நாளில் பதில் வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் கோரிக்கை எதுவும் காணப்படவில்லை. தங்கள் கிளையின் பெண் ஊழியர் ஒருவரைத் தாங்கள் பாராட்டியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. அவர் தொடர்ந்து அங்கேயே சிறப்பாகப் பணியாற்ற வாழ்த்துகள்.' அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? 'கடிதத்தின் அமைப்பு மிகவும் கவர்ந்தது. இதைத் தயாரித்தவர், மற்ற ஊழியர்களுக்குக் கடித அமைப்பைக் கற்றுத்தரும் பொருட்டு, இத்துடன் இடமாற்றம் செய்யப்படுகிறார்.' எந்த ஊருக்கு என்கிறீர்கள்? அதே ஊருக்கு. காலியாக இருந்த அந்த ஒரே இடத்துக்கு.

ஆக, தலைமை அலுவலகத்திலும் ஒரு மின்விசிறிக்குக் கீழே ஒருவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மார்ஜின் அண்ணன் உத்தரவைக் கையில் வாங்கினார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "பாத்தீங்களா, இடது ஓரம் அரை அங்குலம் உள்ள வந்திருக்கு" என்றார்.

"அண்ணே," என்றாள் அந்தப் பெண், "அது எங்க ஊருண்ணே."

எனக்கு அந்தக் கணினியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாமா என்று வந்தது. ஆனால் எறிய எனக்கு என்ன யோக்கியதை? அன்றைக்கு உறையில் போடும் முன் அந்தத் தாளை என்னிடமும்தான் காட்டினார். நானும் பார்த்தேன். "பிரமாதம்ணே" என்றேன். ஒரு வரி படிக்கவில்லை.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, இல்லையா? நான் இந்த ஜாதி இல்லை, எனக்குத் தங்க நிறமெல்லாம் போடத் தெரியாது என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். போன வாரம் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ யாரோ ஒருவர் தயங்கித் தயங்கி உங்களிடம் ஒரு தாளை நீட்டினார். நீங்களும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்கு, பெருசாக்கிக் கொண்டா" என்று திருப்பிக் கொடுத்தீர்கள். அதில் என்ன எழுதியிருந்தது?