கனவுதின்னிக்குப் புதுமுகம்

ஜப்பானுக்குக் கிழக்கே, வரைபடம் போட்டவர் தும்மியபோது விட்டுப்போன தீவு ஒன்று உண்டு. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே ஒவ்வொரு தலையணையிலும் கனவுதின்னியை வரைந்திருப்பார்கள்: யானைத் துதிக்கை, புலி நகம், அகன்ற வாய். கெட்ட கனவை மோந்து பிடித்துத் தின்றுவிடும். ஒரே சிக்கல், எப்படி வரைகிறோமோ அப்படித்தான் வரும்.

மன்னர் தொகுமாரோ பதவியேற்றதும், "துதிக்கை எதிர்க்கட்சியின் சின்னம்" என்று அழிக்கச் சொன்னார். மோப்பம் இழந்த கனவுதின்னி நல்ல கனவுகளையும் சேர்த்துத் தின்றது. "நகம் முதலீட்டாளர்களைப் பயமுறுத்துகிறது" என்றது அடுத்த ஆணை. பிடிக்க வழியில்லாமல் அது கெட்ட கனவுகளை வேடிக்கை பார்த்தது. பிறகு முகமே போய் மன்னரின் முகம் வந்தது. வாய் மூடிய புன்னகை.

நாடே தூக்கமில்லாமல் தள்ளாடியது. "மக்களிடம் விழிப்புணர்வு பெருகிவிட்டது" என்று பண்பாட்டு அமைச்சர் இஸாகு அறிவித்தார்.

மீன்காரி ஹனாயேயின் சின்ன மகள் சியோ, கண்ணை மூடினால் கடல் வீட்டுக்குள் வருகிறது என்று அலறுவாள். விழித்தால் தலையணையில் மன்னர், மறுபடி அலறல். பிள்ளை துரும்பாய் இளைத்தது. ஹனாயே பழைய கனவுதின்னியைத் தலையணையின் அடிப்பக்கம் வரைந்துவைத்தாள். மறுநாள் மதியம்வரை சியோ குறட்டை விட்டாள்.

அந்தத் தீவில் குறட்டை கேட்டு வெகுகாலமாகிவிட்டது. அமைச்சரே வந்துவிட்டார்.

"யாரும்மா இங்க சட்டவிரோதமா தூங்குறது?"

"என் பச்சப்புள்ள ஐயா. பயந்து பயந்து எலும்பாப் போச்சு."

"ஏன், மன்னர் முகத்தைப் பாத்தா பயமா இருக்கா?"

"அதை நான் சொல்லலீங்க. நீங்கதான் சொல்றீங்க."

அமைச்சர் தலையணையைப் பறிமுதல் செய்து, சாட்சிப்பொருள் பத்திரமாக இருக்கட்டும் என்று தன் கட்டிலிலேயே வைத்துக்கொண்டார். அப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை. எழுப்பப் போன மன்னரும் பக்கத்தில் சாய்ந்தார். இருவரும் சோம்பல் முறித்து எழுந்ததும் புது ஆணை வந்தது: பழைய கனவுதின்னி அரிய கலைச்செல்வம், ஆகவே அரண்மனைத் தலையணைகளுக்கு மட்டும்.

ஹனாயே அடுப்புக்கரியைக் குழைத்து மகளின் வயிற்றில் வரைந்தாள். துதிக்கை கூசியது, சியோ நெளிந்தாள்.

"ஆடாதடி, நகம் கோணுது. ம், குப்புறப் படு."

பக்கத்து வீட்டுக்காரிகளும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இப்போது அந்தத் தீவில் குழந்தைகள் எல்லாரும் குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறார்கள். தூக்கத்திலும் மன்னரை விழுந்து வணங்கும் தலைமுறை என்று, அரசு அதைப் படம்பிடித்துத் தெருவெல்லாம் ஒட்டியிருக்கிறது.