வெயில் காட்டியது நான்தான்

அரும்பாவூர்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய பேராசிரியர் காசிநாதன் சார் அவர்களுக்கு, உங்களிடம் ஆராய்ச்சி படிக்கும் ஜெயசித்ராவின் அம்மாயி பாப்பாத்தி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்களும் மாடு கன்றும் சுகம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். கோபம் இருந்தாலும் இதைக் கேட்பதுதான் முறை. நான் ஐந்தாவது படித்தவள். எழுத்தில் தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தில் தப்பில்லை.

மிளகாய் நாற்றுத் தட்டுகளை மாற்றி வைத்து ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டாள் என்று என் பேத்தியை எல்லார் முன்னாலும் சொன்னீர்களாம். ஒப்புக்கொண்டு எழுதித் தராவிட்டால் அவள் வேலையை வேறு ஆளுக்குக் கொடுப்பீர்களாம். மூன்று நாளாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. ஆகையால் நான் எழுதித் தருகிறேன். கெடுத்தது நான்தான்.

போன மாதம் ஆறு தட்டைக் கொண்டுவந்து உள் அறையில் வைத்து, தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். பாதி நாற்றுக்கு முதலில் இளஞ்சூடு காட்டுவார்களாம், மீதிக்குக் காட்ட மாட்டார்களாம், பிறகு எல்லாவற்றையும் கொடுஞ்சூட்டில் வைப்பார்களாம். இளஞ்சூடு பட்ட செடிக்குள் சின்னச் சின்னப் புரதம் ஊறுமாம். கொடுஞ்சூட்டில் பெரிய புரதமெல்லாம் பால் மாதிரி திரியப் போகையில் இந்தச் சின்னதுகள் ஓடிப் பிடித்துத் தாங்குமாம். இளஞ்சூடு படாதது செத்துப்போகுமாம். அது செத்தால்தான் ஆராய்ச்சி ஜெயிக்குமாம்.

சார், நாற்பது வருசம் மிளகாய் நாற்று விட்டவள் நான். நடுவதற்குப் பத்து நாள் முன்னாலேயே கீற்றை விலக்கி, தண்ணீரைக் குறைத்து, வெயில் காட்டித்தான் வயலுக்கு அனுப்புவோம். நிழலில் வளர்ந்ததை நேரே சித்திரை வெயிலில் தள்ளுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அதனால் தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஆறு தட்டையும் மாடியில் வைத்தேன். மாப்பிள்ளை அறிவரசன் பார்த்துவிட்டு, "அத்தே, புள்ள வந்தா கத்தும்" என்றார். "கத்தட்டும். செடி பொழைக்குமில்ல?" என்றேன். எட்டாம் நாள் அவள் வந்து எடுத்துப் போனபோது வெயில் காட்டியதை நான் சொல்லவில்லை. சாக வேண்டியதெல்லாம் இப்போது நிமிர்ந்து நிற்கிறதாம். செடி பிழைத்ததற்கு ஒரு படித்த மனுசர் கோபப்படுவதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். மறுபடி தட்டு வந்தாலும் வெயில் காட்டுவேன். எல்லார் முன்னாலும் எடுத்த பேரை எல்லார் முன்னாலும் அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள். மழை தண்ணிக்குக் குறைவில்லாமல், பிள்ளை குட்டியோடு நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
பாப்பாத்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஜெயசித்ரா வாங்கிப் படித்துவிட்டாள். நான் வெயில் காட்டியது வெறும் மிச்ச நாற்றாம், ஆராய்ச்சியில் சேர்த்தியே இல்லையாம். சூடு காட்டக் கூடாத தட்டெல்லாம் உங்கள் வீட்டில்தான் இருந்ததாம். கல்லங்குறிச்சியிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மா நேற்று இவளுக்கு போன் போட்டு, "கண்ணு, நான் தெனம் வெயில்ல வச்சு எடுத்தனே, அந்த நாத்தெல்லாம் பொழைச்சுதா?" என்று கேட்டாராம். உங்களிடம் சொல்லப் பயந்துகொண்டு, கடிதத்தைக் கிழிக்கச் சொல்கிறாள். நான் தபாலில் போடத்தான் போகிறேன். ஒப்புக்கொண்டதை மட்டும் அடித்துவிடுங்கள். அம்மாவை ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.