கட்டிலுக்கு அடியில் ஒரு குரல்

கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்திருந்த பிராம்ப்டருக்கு அண்ணனின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அதுவே போதுமாக இருந்தது. பெருவிரல் தரையைத் தேய்த்தது. போச்சு, வசனம் மறந்துவிட்டது!

“இந்தக் கதவைச் சாத்தினது நான்தான்...” என்று கிசுகிசுத்தார் பிராம்ப்டர்.

“கட்!” என்று டைரக்டர் கத்தினார். சவுண்ட் என்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தார்.

“சார், கட்டில் பேசுது!”

இருபது வருடம் மேடையில் ஓடிய நாடகம் இப்போது சினிமாவாகிக்கொண்டிருந்தது. அப்பா வேஷம் அன்றும் இன்றும், எல்லோரும் ‘அண்ணன்’ என்று கூப்பிடும் நாடகக் குழுத் தலைவருக்குத்தான். ஓரப் படுதாவுக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்கும் பிராம்ப்டருக்குத்தான் சினிமாவில் வேலை இல்லை. “தப்பு வந்தா இன்னொரு டேக். இவர் எதுக்கு?” என்று தயாரிப்பாளர் முதல் நாளே கையை விரித்துவிட்டார். நாடகக் குழுவையும் கலைத்தாயிற்று. இனி எங்கே போவது என்று புரியாமல் பிராம்ப்டர் வாசல்வரை போயிருப்பார். அதற்குள் ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அண்ணனுக்கு முதல் வசனமே வரவில்லையாம்!

மேடையில் அண்ணன் தடுமாறியது இருபது வருடத்தில் நாலைந்து தடவை இருக்கும். ‘கேமரா பயம், பாவம்’ என்று பிராம்ப்டர் உருகினார். நடிக்க வந்து, முதல் காட்சியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டு நின்ற தன்னை விரட்டாமல், “படிக்கத் தெரியுமில்ல? படுதாவுக்குப் பின்னாடி உக்காரு” என்று சோறு போட்ட மனிதர். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா? கட்டிலுக்கு அடியில் என்ன, கிணற்றுக்குள்ளேயே இறங்கலாம்.

கட்டில் சரிப்படவில்லை என்று அவரை அலமாரிக்குள் நிறுத்தினார்கள். அண்ணன் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கட்டத்தில் அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே, தொங்கும் சட்டைகளுக்கு நடுவே, வசன நோட்டும் கையுமாக பிராம்ப்டர்! செட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தயாரிப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை.

“நாளைக்கும் இப்படின்னா, அப்பா வேஷத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்.”

பிராம்ப்டர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். தன்னால் அண்ணனின் பிழைப்பில் மண் விழுவதா?

டைரக்டர் தலையைச் சொறிந்தார். “ஒளிச்சு வச்சாத்தானே மாட்டுது? குடும்ப வக்கீலா அண்ணன் பக்கத்துலயே உக்கார வைங்க. ஃபைலுக்குள்ள நோட்ட வச்சுக்கட்டும். அண்ணன் மறந்தா விரலால தொட்டுக் காட்டட்டும். வாயத் திறக்கக் கூடாது.”

மறுநாள் கறுப்புக் கோட்டில் பிராம்ப்டர் உட்கார்ந்தார். கேமரா ஓடியது. உயில் எழுதும் காட்சி. வீட்டை விட்டுத் துரத்திய மகனை மன்னிக்கும் இடம் வந்ததும் அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். பிராம்ப்டர் வரியைத் தொட்டுக் காட்டினார். அண்ணன் ஃபைலைப் பார்க்கவில்லை. பிராம்ப்டரின் முகத்தையே பார்த்தார். தயாரிப்பாளர் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டிருந்தார்.

பிராம்ப்டருக்குப் பொறுக்கவில்லை. இருபது வருடம் கிசுகிசுத்தே பழகிய தொண்டையிலிருந்து முழுக் குரல் வெடித்தது.

“இந்தக் கதவைச் சாத்தினது நீங்கதானே? அப்ப திறக்க வேண்டியதும் நீங்கதான்!”

சொன்ன பிறகுதான் உயிரே போயிற்று. ஆனால் அண்ணன் விம்மினார். தள்ளாடி நடந்துபோய்க் கதவைத் திறந்தார். லைட்மேன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கட்! ஓகே!” டைரக்டர் துள்ளிக் குதித்தார். “யோவ் வக்கீலு, ஒனக்கு இன்னும் நாலு சீன் எழுதறேன்!”

அடுத்த நாள் காலை, வாழ்க்கையில் முதல் முறையாக நடிகனாக மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்த பிராம்ப்டருக்குச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க முடியவில்லை.

“எல்லாம் அண்ணன் போட்ட பிச்சை. ஆனா அவரு ஞாபக மறதிய நெனச்சாத்தான் மனசு கேக்கல,” என்று மேக்கப்மேனிடம் பெருமூச்சு விட்டார்.

பவுடர் ஒற்றிக்கொண்டிருந்த மேக்கப்மேன் கையை நிறுத்தினார். “மறதியா? இதே நாற்காலியில உக்காந்து தெனமும் மொத்த நாடகத்தையும் ஒரு எழுத்துப் பிசகாம ஒப்பிச்சிட்டு, ‘இன்னிக்கு எந்த எடத்துல மறந்தா நல்லாயிருக்கும்?’னு எங்கிட்டதானே கேட்டுட்டுப் போவாரு!”