மாஸ்டருக்கு வீடு பார்த்த கதை

"கிளட்ச்சைப் பொசுக்குன்னு விடாதேன்னு எத்தனை தடவைம்மா சொல்றது?"

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றுபோயிருந்தது. ஓட்டிய பெண் ஏதோ ஆபீஸில் கணக்குப் பார்ப்பவள். "சாரி மாஸ்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இன்னும் நாலு வார்த்தை திட்டத்தான் வாயைத் திறந்தார். அதற்குள், வண்டி நின்ற இடம் கண்ணில் பட்டது. நீல ஜன்னல் வைத்த வீடு. கேட்டில் 'விற்பனைக்கு' என்று ஒரு அட்டை.

"சரி, நின்னதும் நின்னுச்சு. இரு, பாத்துட்டு வந்துடறேன்" என்று இறங்கினார்.

மாஸ்டரின் பிழைப்பு அப்படிப்பட்டது. ஸ்டியரிங் அடுத்தவன் கையில் இருக்கும், உயிர் மட்டும் இவருடையது. அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன் மேலேயே காலை வைத்து வைத்து, யாரையும் நம்பாத வியாதி உடம்பில் ஊறிவிட்டது. டாக்டரை நம்ப மாட்டார். மழை வரும் என்று சொல்கிறவனை நம்ப மாட்டார். வீட்டு புரோக்கரை அறவே நம்ப மாட்டார். அந்தக் கடைசி ஒன்று மட்டும் சரிதான்.

இப்போது குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரரின் மகள், புருஷன் பிள்ளைகளோடு வந்து இறங்கப்போகிறாள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சாவியைக் கொடுத்தாக வேண்டும். சொந்தமாக ஒரு வீடு வாங்க மாஸ்டரிடம் வசதி இருந்தது. எந்த ஊரில் வாங்குவது என்பதில்தான் வில்லங்கம்.

மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஸ்டேஷன் ஊர். அந்தப் பக்கம் தொட்டி ஊர். ஒன்றில் ரயில் நிற்கும், இன்னொன்றில் பெரிய தண்ணீர்த் தொட்டி நிற்கும். வேறு வித்தியாசம் கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டும். மாஸ்டர் மெனக்கெட்டார்.

"ஸ்டேஷன் ஊர்லயே பாருங்களேன். ஏற இறங்க வசதி" என்பாள் மனைவி.

"வீட்டுக்குள்ளயே ரயில் வந்து போற மாதிரி சத்தம். எவன் தூங்கறது?"

"அப்போ தொட்டி ஊர்ல வாங்குங்க."

"தொட்டி இருக்கு. அதுல தண்ணி இருக்கான்னு நீ ஏறிப் பாத்தியா?"

"ஏங்க, ரெண்டும் வேண்டாம்னா நடுரோட்லயா குடித்தனம் பண்றது?"

இந்தப் பேச்சு வருஷக்கணக்காக நடக்கிறது. ஒரு வீடு பிடிக்கும். அதில் என்ன கோளாறு இருக்கும் என்று மாஸ்டர் யோசிப்பார். யோசித்து முடிப்பதற்குள் வேறு யாரோ வாங்கிவிடுவார்கள். மஞ்சள் கேட் வீடு அப்படித்தான் போயிற்று. வெளியே மாடிப்படி வைத்த வீடும் போயிற்று. "எவனோ ஏமாளி மாட்டிக்கிட்டான், நாம தப்பிச்சோம்" என்று ஒவ்வொரு முறையும் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

புரோக்கரோடு போனால் புரோக்கர் காட்டுவதைத்தான் பார்க்க முடியும் என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்களை அந்த ரெண்டு ஊர்த் தெருக்களிலேயே ஓட்ட வைத்தார். பெட்ரோல் ஸ்கூல் முதலாளியுடையது, கண் தன்னுடையது.

"மெதுவா, மெதுவா. இந்தத் தெரு மேடு, மழைத் தண்ணி நிக்காது. கீழ்த் தெருவைப் பாரு, சுவத்துல முழங்கால் உயரத்துக்குக் கறை. பெயின்ட் அடிச்சா மறைஞ்சிடுமா? அந்த மூலை வீட்டை சும்மா குடுத்தாலும் வாங்கக் கூடாது, பின்னாடி சாக்கடை அடைச்சுக்கும். ரோட்டைப் பாரும்மா, வீட்டைப் பாக்காதே."

"சரி மாஸ்டர். எந்த மூலை வீடு, வலது கை பக்கமா?"

"உனக்கு எதுக்கு அது? கியரை மாத்து."

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். "உங்க ஆளுங்க டெஸ்ட்டுக்குப் போனா சந்துல ஊர்ந்து போறாங்களாம். மெயின் ரோட்டைக் கண்டா முழிக்கிறாங்களாம். வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கறீங்களா, தேர் இழுக்கவா?"

மாஸ்டர் ஜன்னல் வழியாக எதிர் வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஆபீஸ்லேருந்து ஆள் மாத்தி ஆள் வந்து, மாஸ்டர்தான் வேணும்னு நிக்கறாங்க. அதனால விடறேன்."

மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. தொழில் தெரிந்தவனைத் தேடித்தானே வருவார்கள்?

அந்த ஆபீஸிலிருந்து வந்தவள்தான் இந்தக் கணக்குப் பெண். அவளைப்போல மண்டு ஒன்றை மாஸ்டர் பார்த்ததில்லை. நல்ல வீடாக ஒன்று வந்தால் போதும், சரியாக அதன் வாசலில் இன்ஜினை அணைத்துவிடுவாள். ஒரு நாள் மெயின் ரோட்டில் எதிரே வந்த லாரி குறுக்கே திரும்ப, வண்டி சட்டென்று ஒதுங்கி அழகாக நின்றது.

"பாத்தியா? என் கால் மட்டும் பிரேக்ல இல்லேன்னா இந்நேரம் என்ன ஆகியிருக்கும்?"

"ஆமா மாஸ்டர்."

அந்த நேரத்தில் மாஸ்டர் பின்பக்கம் திரும்பி, ஒரு மொட்டை மாடியில் வெடிப்பு தேடிக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

அன்று இறங்கிப் பார்த்த நீல ஜன்னல் வீடு தொட்டி ஊரில், மேட்டுத் தெருவில் இருந்தது. ரயில் சத்தம் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. மாஸ்டருக்குப் பயமே வந்துவிட்டது. குறையே இல்லை என்றால் பெரிய குறையாகத்தான் இருக்கும். விலையையாவது குறைப்போம் என்று வீட்டுக்காரர் காதில் விழும்படி, "ஆசாரி யாரோ கத்துக்குட்டி போல. கதவெல்லாம் கோணல்" என்றார்.

வீட்டுக்காரரே ஆசாரி. ஒவ்வொரு கதவையும் தன் கையால் இழைத்தவர்.

"இனிமே உங்க நிழல்கூட என் வாசல்ல விழக் கூடாது" என்று கேட்டைச் சாத்தினார்.

அதற்கும் மாஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். மறுநாள் கணக்குப் பெண்ணிடம் வண்டியைத் தெருமுனையில் நிறுத்தச் சொன்னார்.

"நீ போய் வீடு வாங்கறவ மாதிரி பேசு. கதவை நல்லாப் புகழு. கடைசி விலையைக் கேட்டுட்டு வா."

"எனக்கு நடிக்க வராதே மாஸ்டர்."

"வண்டி ஓட்டத் தெரிஞ்ச மாதிரி தினம் நடிக்கறே இல்ல? அதே மாதிரி நடி."

போனவள் வெகுநேரம் கழித்து வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கமான மனுஷர் மாஸ்டர். உங்ககிட்ட சொன்னதைவிட நல்லாவே குறைச்சுட்டார். வாங்கறதா இருந்தா சீக்கிரம் வாங்கிடுங்க."

"அவ்வளவு சுலபமா குறைச்சாரா? அப்போ உள்ளே ஏதோ இருக்கு. பொறு, இன்னும் இறங்குவார்."

"நீங்க வாங்கலையா மாஸ்டர்?"

"இந்த விலைக்கு எவன் வாங்குவான்?"

அவள் வண்டியைக் கிளப்பினாள்.

புரோக்கர் போன் செய்தான். "மாஸ்டர், அந்த நீல ஜன்னல் வீட்டை ஒரு மேடம் முடிக்கப் போறாங்க. நாளைக்கு வந்து என்னைத் திட்டாதீங்க."

மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த மேடத்தை அனுப்பியதே அவர்தானே? "முடிச்சுக்கட்டும்ப்பா, ரொம்ப சந்தோஷம்" என்று வைத்துவிட்டார்.

"யாராவது வாங்கிடப் போறாங்க" என்றாள் மனைவி.

"உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. சும்மா இரு."

அவள் சும்மாதான் இருந்தாள். கணக்குப் பெண் உடம்பு சரியில்லை என்று வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள். அப்போதும் மனைவி சும்மாதான் இருந்தாள். பாத்திரமெல்லாம் பெட்டியில் ஏறி, காபி போடக்கூட ஒரு டம்ளர் வெளியே இல்லாமல் போன நாளன்றுதான் வாயைத் திறந்தாள்.

"லாரிக்காரர் வாசல்ல நிக்கறார். எந்த ஊருக்குன்னு கேக்கறார். நான் என்னத்தைச் சொல்ல? நீங்களே போய் பதில் சொல்லுங்க. இல்லேன்னா எங்க அண்ணன் வீட்டு விலாசத்தைக் குடுத்துடறேன். அது எனக்கு மட்டும்தான்."

மாஸ்டர் ஆடிப்போனார். சட்டையை மாட்டினார். "நீயும் வா. ஆசாரிகிட்ட நீ பேசு" என்று மனைவியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, கால் பிரேக்கைத் தேடாமல் உட்கார்ந்திருந்தார்.

நீல ஜன்னல் வீட்டு கேட்டில் அட்டையைக் காணோம். வாசலில் ஒரு கார் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. குறுகலான கேட். ரெண்டு பக்கமும் கை நுழையாது. கார் ஒரே வீச்சில் வளைந்து, தூணில் உரசாமல் உள்ளே போய் நின்றது.

"அடடா, இப்படி ஒரு ரிவர்ஸை என்கிட்ட கத்துக்கிட்டவன் ஒருத்தனும் எடுத்ததில்லை" என்றார் மாஸ்டர், தன்னை மறந்து.

காரிலிருந்து கணக்குப் பெண் இறங்கினாள். கையில் வீட்டுச் சாவிக்கொத்து.

"யாருங்க இது?" என்றாள் மனைவி.

மாஸ்டரின் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. "உனக்கு… வண்டி ஓட்டத் தெரியுமா?"

"காலேஜ்ல படிக்கும்போதே ஓட்டுவேன் மாஸ்டர்" என்றாள் அவள். "மஞ்சள் கேட் வீட்டை வாங்கினவங்க எங்க ஆபீஸ்தான். வீடு வாங்கணும்னா புரோக்கர்கிட்ட போகாதே, மாஸ்டர்கிட்ட டிரைவிங் கத்துக்கப் போன்னு அவங்கதான் சொன்னாங்க."